தண்ணியா, டிரிங்க்ஸா

கடலூர் செம்மண்டலம் அறிவழகன் ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்துக்குச் சைக்கிளிலேயே போவதென்று முடிவு செய்த நாள் முதல் அவனுக்கு ஒரே சந்தேகம். வழியில் எதைக் குடிப்பது?

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு விஷயமே இல்லை. தாகம் எடுத்தால் குடிக்கப் போகிறான். ஆனால் அவன் போவது மாமனார் வீட்டுக்கு. போன ஆடி மாதம் மகள் வெண்மதியைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்தில் அப்பா வீட்டுக்குப் போன அவன் மனைவி சத்யப்பிரியா திரும்பி வரவில்லை. அங்கேயே ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலையில் சேர்ந்துகொண்டாள். மகளையும் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். காரணம் தெருவுக்கே தெரியும். அறிவழகன் குடித்தான். அடிதடி, கூச்சல் எதுவும் கிடையாது. சிப்காட்டில் கம்பெனி விட்டதும் எங்கேயோ போவான், ராத்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு வருவான். அவ்வளவுதான் என்று அவன் நினைத்தான். அந்த அவ்வளவே ஜாஸ்தி என்று அவள் நினைத்தாள்.

புரட்டாசியில் அவன் நிறுத்திவிட்டான். போனில் சொன்னான். அவள் "ம்" என்றாள். பொங்கலுக்கு மறுபடியும் சொன்னான். அதற்கும் "ம்" தான். சித்திரை பிறந்த பிறகுதான் அவள் வாயிலிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வந்தது.

"ஞாயித்துக்கிழம வாங்க. அப்பாவும் வூட்லதான் இருப்பாரு. உங்கள நேர்ல பாத்துட்டுதான் வெண்மதிக்கு டி.சி. வாங்குறதா வேணாமான்னு முடிவு பண்ணணும்."

டி.சி. வாங்கினால் ஜூன் மாதம் மகள் கடலூர்ப் பள்ளிக்கூடத்தில் சேருவாள், அம்மாவும் கூட வருவாள். வாங்காவிட்டால் இன்னொரு வருஷம். இன்னொரு வருஷம் போனால் அப்புறம் அது வருஷக் கணக்கில் இருக்காது என்பது அவனுக்குத் தெரியும்.

பஸ்ஸில் போய் இறங்குகிறவன் எப்படிப்பட்டவனாகவும் இருக்கலாம். விடிகாலையில் கிளம்பி அவ்வளவு தூரம் மிதித்து வருகிறவன் முந்தின ராத்திரி குடித்தவனாக இருக்க முடியாது. இதுதான் அறிவழகனின் கணக்கு. குடியை விட்ட பிறகு சாயங்கால நேரத்தைத் தள்ள முடியாமல் பழைய சைக்கிள் ஒன்று வாங்கியவன், இப்போது கெடிலம் சைக்கிள் குழுவில் ஒரு ஆள். அதைச் சத்யப்பிரியாவிடம் அவன் சொல்லவில்லை. சொல்லாமல் போய் வாசலில் நிற்க வேண்டும், அவளே பார்க்க வேண்டும் என்று ஆசை.

ஆசைக்குக் குறுக்கே நின்றது கால். போன மாதம் குழுவோடு பண்ருட்டி போய்வந்தபோது வழியெல்லாம் வெறும் தண்ணீர்தான் குடித்தான். வீட்டு வாசலில் இறங்கியதும் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது, கண் இருட்டியது. மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஆடியபடி நின்றான். எதிர்வீட்டு மங்கலம் அக்கா எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்படியே போய் மாமனார் வாசலில் நின்றால் என்ன ஆகும்?

ஆகவே அவன் விசாரித்தான். குழுவின் கேப்டன் ஸ்ரீதர், பேங்க்கில் வேலை, எதற்கும் கையில் பதில் வைத்திருப்பவர்.

"தண்ணிங்கறது வெறும் தண்ணி அறிவு. வேர்வைல உப்பு போவுதா இல்லியா? அத யாரு திருப்பித் தர்றது? ஸ்போர்ட்ஸ் டிரிங்க்தான். கண்ண மூடிக்கிட்டு எடு."

பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற திருநாவுக்கரசு அதே குழுவில் இருப்பவர். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அது கலர் தண்ணி தம்பி. சர்க்கரைய வெலைக்கு வாங்கி வெயில்ல குடிச்சா ஆலப்பாக்கம் தாண்டும்போது வயிறு பேச ஆரம்பிக்கும். அப்புறம் நீ எங்க எறங்குவ? ரெண்டு பக்கமும் வயக்காடு."

"தண்ணி குடிச்சுத்தான் சார் போன தடவ கால் இழுத்துச்சு."

"நீ மொடக்கு மொடக்குன்னு குடிச்சிருப்ப."

இணையத்தில் தேடிப் பார்த்தான். ஒரு மணி நேரத்துக்குள் என்றால் தண்ணீர் போதும், அதற்கு மேல் என்றால் உப்பும் சர்க்கரையும் கலந்தது வேண்டும் என்று ஒரு இடத்தில் போட்டிருந்தது. உடம்பைப் பொறுத்தது என்று இன்னொரு இடத்தில். வெயிலைப் பொறுத்தது என்று மற்றொன்றில். அவன் உடம்பு எப்படிப்பட்டது என்று அவனுக்கே தெரியாது. இத்தனை வருஷம் அவன் அதைக் கேட்டதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீதரையும் கூட்டிக்கொண்டு செம்மண்டலத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனான். கண்ணாடி அலமாரிக்குள் நீலத்திலும் ஆரஞ்சிலும் பாட்டில்கள் குளிர்ந்துகொண்டிருந்தன. அறிவழகன் ஒரு நீல பாட்டிலை எடுத்தான், பின்பக்கம் படித்தான், வைத்தான். பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தான். அதையும் வைத்தான். பில் போடும் பெண் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துச் சத்யப்பிரியா போன் செய்தாள்.

"எங்க இருக்கீங்க? ஒரே சத்தமா இருக்குது."

"கடைல நிக்கிறேன் சத்யா. நாளைக்கு வர்றதுக்குத் தண்ணியா டிரிங்க்ஸான்னு ஒரே கொழப்பமா இருக்கு."

அவள் குரல் இறங்கியது.

"நாளைக்கு இங்க வர்றதுக்கா?"

"ஆமா. ஸ்ரீதரும் கூடத்தான் இருக்காரு. அவரு டிரிங்க்ஸ்தாங்கறாரு. அது இல்லாம வந்தா அங்க நேரா நிக்க முடியாதுல்ல."

ஸ்ரீதருக்குப் பொறுமை போய்விட்டது. அலமாரிக் கதவைப் பிடித்தபடி அங்கிருந்தே குரல் கொடுத்தார். "ரெண்டையும் வாங்கு அறிவு. ஒரு வாய் அது, ஒரு வாய் இது. மாத்தி மாத்தி அடி. காலைல சும்மா ஜிவ்வுனு இருக்கும்."

போன் துண்டிக்கப்பட்டது. கடைக்குள் சிக்னல் வராது என்று அறிவழகன் நினைத்துக்கொண்டான். இரண்டையும் வாங்கினான்.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஒரு செய்தி வந்திருந்தது. 'நாளைக்கு வர வேணாம்.'

அவன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். மூன்று வார்த்தைகள்தான். முதல் வார்த்தையும் புரிந்தது, கடைசி வார்த்தையும் புரிந்தது. ஏன் என்பதுதான் எங்கேயும் இல்லை. மாமனாருக்கு உடம்புக்கு முடியவில்லையா? ஊரில் ஏதாவது துக்கமா? கூப்பிட்டான். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவளுடைய தம்பி இளவரசுவைக் கூப்பிட்டான்.

"மச்சான், என்ன ஆச்சு? அக்கா வர வேணாம்னு போட்டிருக்கு."

"நீங்க இன்னா மாமா கேக்குறீங்க. அக்கா அழுவுது."

"ஏன் அழுவுது?"

"நீங்கதான உங்க வாயால சொன்னீங்களாம்."

"என்ன சொன்னேன்?"

"அதயும் நான் சொல்லணுமா? இத்தினி மாசமா அப்பாகிட்ட உங்களுக்காக எவ்ளோ பேசிருப்பேன் தெரியுமா. வைங்க மாமா, அப்பா வர்றாரு."

அறிவழகன் போனில் பேசியதை முதலிலிருந்து கடைசிவரை நினைத்துப் பார்த்தான். எங்கே இருக்கிறீர்கள் என்றாள், கடையில் என்றான். வருவதைப் பற்றிக் கேட்டாள், வருகிறேன் என்றான். கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை. மாமனாரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தான் பேசியதில் எது தப்பு என்று எவ்வளவு தேடியும் அவனுக்குக் கிடைக்கவில்லை. சொல்லாத ஏதோ ஒன்றைச் சொன்னதாக யாராவது போய்ச் சொல்லியிருப்பார்களோ என்றுகூட யோசித்தான்.

வர வேண்டாம் என்றால் போகாமல் இருப்பதா? போகாவிட்டால், குடித்துவிட்டுக் கிடக்கிறான், அதனால்தான் வரவில்லை என்று ஆகும். போனால், சொல்லியும் கேட்காமல் வந்து நிற்கிறான் என்று ஆகும். இரண்டில் எது குறைந்த தப்பு என்று தெரியாமலேயே அவன் விடியும் முன் எழுந்து, ஒரு பாட்டிலில் தண்ணீரும் இன்னொன்றில் நீல பானமும் ஊற்றி, சைக்கிள் சட்டத்தில் இருந்த இரண்டு பாட்டில் கூண்டுகளில் செருகிக்கொண்டு கிளம்பினான்.

கெடிலம் பாலம் தாண்டி, முதுநகர் தாண்டி, சிப்காட் வாடையும் தாண்டிய பிறகு நன்றாக விடிந்துவிட்டது. எதிர்க்காற்று. மற்ற நாளாக இருந்தால் கால் மணிக்கு ஒருதரம் ஒரு வாய் என்று கணக்காகக் குடித்திருப்பான். இன்றைக்கு மனசு முழுக்க அந்த மூன்று வார்த்தையிலேயே இருந்தது. ஆலப்பாக்கத்தில் பாட்டிலை நினைத்தான். எது முதலில் என்ற கேள்வி வந்தது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். புதுச்சத்திரம் வந்தபோது அந்தக் கேள்விகூட வரவில்லை.

பி.முட்லூருக்குக் கொஞ்சம் முன்னால் செயின் கழன்றது. ஓரமாக ஒரு டீக்கடை முன்னால் நிறுத்திச் சைக்கிளைத் தலைகீழாகத் திருப்புவதற்காகப் பாட்டில்களை எடுத்துப் பெஞ்சில் வைத்தான். பெஞ்சில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர் நீல பாட்டிலைப் பார்த்தார், அவனுடைய இறுக்கமான கால்சட்டையைப் பார்த்தார், மறுபடி பாட்டிலைப் பார்த்தார்.

"இது இன்னா சார் இது, ஊதாக் கலர்ல?"

"ஸ்போர்ட்ஸ் டிரிங்க்ஸ்ங்க."

"டிரிங்க்ஸா." அவர் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் பக்கம் திரும்பினார். "காத்தவராயா, கேட்டியா. சாரு காலங்காத்தால டிரிங்க்ஸ் வச்சிருக்காரு. பக்கத்துல பாரு, மிக்ஸிங்குக்குத் தண்ணியும் வச்சிருக்காரு."

"நீ வாங்குற எடத்துல இந்தக் கலரு கெடைக்காது கொளஞ்சி, அதப் பாக்காத" என்றார் காத்தவராயன்.

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அறிவழகனும் மரியாதைக்குச் சிரிக்க வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது.

கடைல நிக்கிறேன். தண்ணியா டிரிங்க்ஸா. அது இல்லாம நேரா நிக்க முடியாது. மாத்தி மாத்தி அடி.

கையில் செயின் கிரீஸோடு அவன் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். எல்லாம் அவனே சொன்னதுதான். ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. யாரும் போய் எதையும் மூட்டிவிடவில்லை.

உடனே கூப்பிட்டான். போன் இன்னும் அணைந்தே இருந்தது. செய்தியாவது அனுப்பலாம் என்று, 'நான் சொன்னது அந்த டிரிங்க்ஸ் இல்ல' என்று அடித்தான். படித்துப் பார்த்தான். குடித்த காலத்தில் அவன் அனுப்பிய செய்திகள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் இருந்தன. நான் அங்க போகல. அது என்னோடது இல்ல. அந்த வாசம் அது இல்ல. அடித்ததை அழித்தான்.

செயினை மாட்டி, பாட்டில்களைச் செருகி, ஏறி மிதித்தான். இப்போது குழப்பம் வேறு மாதிரி ஆகிவிட்டது. என்ன நடந்தது என்பது தெரிந்துவிட்டது, அதை எப்படிச் சொன்னால் நம்புவாள் என்பது தெரியவில்லை. வெள்ளாற்றுப் பாலத்தின்மேல் வெயில் முகத்தில் அறைந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்போதும் அவன் கை கீழே போகவில்லை.

சிதம்பரத்தில் வடக்கு வீதிக்குப் பின்னால் இருந்த தெருவில், மாமனார் கோவிந்தசாமி கேட்டுக்கு உள்ளே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சைக்கிள் வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்தார். அறிவழகன் "மாமா" என்றபடி ஒரு காலைக் கீழே ஊன்றினான். ஊன்றிய கால் முறுக்கிக்கொண்டது. சைக்கிள் ஒரு பக்கம் சாய, அவன் இன்னொரு பக்கம் சாய்ந்து, கேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆடினான். கண்ணுக்கு முன்னால் மாமனார் இரண்டாகத் தெரிந்தார்.

கோவிந்தசாமி பேப்பரை மடித்தார். "சத்யா, வந்திருக்காரு பாரு" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, தெருவில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

மாமியார் விருத்தாம்பாள் நிலைப்படிவரை வந்துவிட்டு நின்றாள். "அய்யய்யோ, நிக்கக்கூட முடியல பாரு. வெண்மதிய வெளில வுடாத இளவரசு."

சத்யப்பிரியா வந்தாள். கண் வீங்கியிருந்தது. அவன் முகத்துக்குக் கிட்டே வந்து, அந்தக் காலத்தில் ராத்திரிகளில் கதவைத் திறந்ததும் செய்வதுபோல, ஒரு தடவை மூச்சை இழுத்தாள். அறிவழகன் வாயைத் திறந்தபடியே நின்றான். அவள் இன்னொரு தடவை இழுத்தாள். அவள் நெற்றி சுருங்கியது.

"வாட இல்ல" என்றாள், யாருக்கோ சொல்வதுபோல. அப்புறம் அவனைப் பார்த்தாள். "ஆனா ஆடுறீங்க."

"கால் இழுத்துக்கிச்சு. கடலூர்லேருந்து மிதிச்சுக்கிட்டே வரேன்."

"எதுல?"

அவன் கீழே கிடந்த சைக்கிளைக் காட்டினான். அவள் அதையும் பார்த்தாள், சட்டத்தில் இருந்த பாட்டில்களையும் பார்த்தாள். குனிந்து நீலத்தை உருவினாள்.

"இது என்ன?"

"டிரிங்க்ஸ்" என்றான். வேறு பெயர் அவனுக்கு அந்த நேரம் வாயில் வரவில்லை. "அது தண்ணி. இதுல எத எடுத்துக்கிட்டு வர்றதுன்னுதான் நேத்து கடைல நின்னுக்கிட்டிருந்தேன்."

சத்யப்பிரியா மூடியைத் திறந்து மோந்தாள். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். மூடியை மூடிவிட்டு, பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"ரெண்டும் ரொம்பியே இருக்கு. ஒண்ணக்கூடக் குடிக்கல?"

"மறந்துட்டேன்."

இளவரசு உள்ளேயிருந்து சிரித்துவிட்டான். கோவிந்தசாமி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய்ப் பாயில் படுக்க வைத்தார்கள். அங்கேயும் அதே பிரச்சினை கிளம்பியது. விருத்தாம்பாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "வெறுந் தண்ணி குடுக்காதம்மா, வேர்த்து வந்தவருக்கு நெஞ்ச அடைக்கும், சோடா வாங்கியாறேன்" என்றான் இளவரசு. சர்க்கரை போடச் சொன்னார் கோவிந்தசாமி. "உப்புதான் தாத்தா போடணும், டீச்சர் சொல்லியிருக்காங்க" என்றாள் வெண்மதி. ஒருவர் சர்க்கரை போட, ஒருவர் உப்புப் போட, கடைசியில் அது என்னவென்று சொல்ல முடியாத ஒன்றாக அவன் கைக்கு வந்தது. அவன் எதுவும் கேட்காமல் குடித்தான்.

மற்றவர்கள் நகர்ந்த பிறகும் சத்யப்பிரியா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் காலத்துல அந்தப் பேர ஒருநாள்கூட உங்க வாயால நான் கேட்டதில்ல" என்றாள். "ஒரு வேலை இருக்கும்பீங்க. மீட்டிங்கும்பீங்க. நேத்துக் கூசாம, பளிச்சுன்னு சொல்றீங்க. இனிமே ஒளிச்சு வைக்கக்கூட வேணாங்கற எடத்துக்குப் போயிட்டாருன்னு நெனச்சேன்."

"எனக்கு அந்த அர்த்தமே ஞாபகம் வரல சத்யா. அந்த டீக்கடைல ஒருத்தரு கிண்டல் பண்ணப்புறந்தான் தெரிஞ்சுது."

"அதெப்பிடி உங்களுக்கு ஞாபகம் வராமப் போவும்?"

அவன் யோசித்துப் பார்த்தான். நல்ல பதிலாக ஒன்று சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தான். "தெரியல. அதான் எனக்கும் கொழப்பமா இருக்கு."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் பொய் சொல்லும்போது எப்படிச் சொல்வான் என்பது அவளுக்கு மனப்பாடம். மடமடவென்று வரும், காரணத்தோடு வரும், சாட்சிக்கு நாலு பேர் பெயரும் வரும். இது அப்படி வரவில்லை. ஆனால் இப்படி வருவது என்ன வகை என்று அவளுக்குப் பழக்கமில்லை. நம்பலாமா என்றால், நம்பிப் பார்த்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. நம்ப வேண்டாமா என்றால், நிரம்பிய பாட்டில்கள் இரண்டும் கண்ணெதிரே ஜன்னலில் இருந்தன.

"மாப்ள கொஞ்சம் தூங்கட்டும், வா" என்று வாசலிலிருந்து கோவிந்தசாமி கூப்பிட்டார். அவள் எழுந்து போனாள்.

அறிவழகன் கண்ணை மூடிக்கொண்டான். வாசலில் அக்காவும் தம்பியும் பேசுவது காதில் விழுந்தது.

"இளவரசு, நாளைக்கு வெண்மதி ஸ்கூலுக்குப் போயி, டி.சி. எப்பக் குடுப்பாங்கன்னு கேட்டுட்டு வா."

"வாங்கிட்டே வந்துடவா?"

"வாங்காத. கேளு மட்டும்."

"கேட்டா எழுதிக் குடுங்கம்பாங்க. வாங்குறதா வேணாமா, ஒண்ணு சொல்லுக்கா."

"கேளுன்னுதான சொன்னேன். எனக்கே இன்னும் வெளங்கல. கேட்டு வச்சுக்குவோம்."

கெண்டைக்கால் மறுபடி இழுக்க ஆரம்பித்தது. காலை நீட்டி மடக்கினால் சரியாகும். ஆனால் பாய் சரசரக்கும், அவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அறிவழகன் பல்லைக் கடித்துக்கொண்டு, அசையாமல் படுத்திருந்தான்.